கழிவு இல்லாத சீட்டு

1. பத்திரோன் கேட்ட கணக்கு

ஒரு திங்கட்கிழமை காலை பத்திரோன், அதாவது ஓட்டல் முதலாளி, ஃபத்துவைக் கூப்பிட்டு, மேற்பார்வை வேலையை அவளுக்குத் தருவதாகச் சொன்னார். பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஓட்டலில் அறை துப்புரவு செய்யும் ஒருத்தி மேற்பார்வைக்கு வருவது அதுதான் முதல் தடவை. ஃபத்து மாலி நாட்டுக்காரி. எங்கள் எல்லோரையும்விடச் சுறுக்காக அறையை முடிப்பாள்.

ஆனால் உடை மாற்றும் இடத்துக்கு வந்தவள் சிரிக்காமல் உட்கார்ந்தாள்.

“என்ன பிள்ளை, வேலை இல்லையெண்டு சொல்லிப்போட்டாரோ?” என்று சறோ கேட்டாள். சறோ என்னுடன் வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பெண். எனக்கும் சேர்த்து அவளே கதைத்துவிடுவாள். நான் அதிகம் வாய் திறப்பதில்லை. அங்கே நாங்கள் கதைத்தது பிரெஞ்சு, அதுவும் ஒவ்வொருத்தி ஒவ்வொரு விதம். இதில் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

“வேலை இருக்கு. சம்பளத்தை என்ரை பேரிலை உள்ள கணக்குக்குத்தான் போடுவினமாம். மாதம் முடியமுன்னம் காட்டாட்டி வேறை ஆளாம்.”

அதுவரை அவளுடைய சம்பளம் புருஷனின் அண்ணனுடைய கணக்குக்குப் போனது. புருஷன் மாலியில். அவள் இருந்தது அந்த அண்ணன் வீட்டில். மெத்ரோ ரயில் காசுக்கும் அவர் கையைப் பார்க்க வேண்டும். கணக்குத் திறக்கப் போனால் வங்கியில் விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். வீட்டுக்காரரான அண்ணன் அதில் கையெழுத்துப் போடவில்லை.

“என்ரை வீட்டிலை இருக்கேக்கை உனக்கேன் தனிக்கணக்கு எண்டு கேக்கிறார்,” என்றாள்.

பாரிஸின் ஸ்டாலின்கிராட் பகுதியில் ஒரு சின்ன அறை வாடகைக்கு இருந்தது. அதை அவள் பேரில் எடுத்தால் விலாசம் கிடைக்கும். விலாசம் இருந்தால் கணக்கு, கணக்கு இருந்தால் வேலை. வீட்டுக்காரி முற்பணம் கேட்டாள். ஃபத்துவிடம் அது இல்லை.

2. மரியம் வீட்டில்

ஓட்டலில் ஆபிரிக்கப் பெண்கள் தங்களுக்குள் ஒரு சீட்டு நடத்தினார்கள். அதைத் தொந்தீன் என்பார்கள். மாதம் ஒருமுறை எல்லோரும் காசு போட, ஒருத்தி முழுவதையும் எடுப்பாள். ஆண்டுத் தொடக்கத்தில் பேர்களைக் குலுக்கி முறை வைப்பது வழக்கம். நடத்தியவள் மரியம், ஐவரிகோஸ்ட் நாட்டுக்காரி, ஓட்டலின் சலவைப் பகுதியில் வேலை. நானும் சறோவும் அந்த ஆண்டுதான் சேர்ந்தோம். ஃபத்துவின் முறை மார்கழியில். அப்போது நடந்துகொண்டிருந்த மாதத்தின் முறை என்னுடையது. நான் பல் கட்டுவதற்காக அந்தக் காசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பல் இல்லாததால் கையால் வாயைப் பொத்திக்கொண்டே கதைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் மரியம் வீட்டில் கூடினோம். ஃபத்து தரையைப் பார்த்துக்கொண்டு, தன் முறையை முன்னுக்குத் தர முடியுமா என்று கேட்டாள். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. வேண்டுமென்றே திரும்பவில்லை என்று தெரிந்தது.

“அக்கா, சும்மா குடுக்காதேங்கோ. கழிவு கேளுங்கோ,” என்று சறோ என் காதுக்குள் சொன்னாள். எங்கள் ஏலச்சீட்டில் அதுதான் வழக்கம். அவசரமானவர் முதலில் எடுப்பார். அதற்காக ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு வாங்குவார். கழிவை மற்றவர்கள் பங்கிடுவார்கள். பிறகு சறோ தானே கேட்டுவிட்டாள்.

“ஃபத்து, எவ்வளவு கழிவு விடுவீர்?”

ஒருவருக்கும் விளங்கவில்லை. சறோ ஏலத்தை விளக்கினாள். மரியம் குடித்துக்கொண்டிருந்த இஞ்சிச் சாற்றைக் கீழே வைத்தாள்.

“அப்ப கஷ்டம் கூடினவள் கூட விடுவாள், என்ன?”

“ஓம், அதுதானே ஏலம்.”

“பிள்ளைக்குச் சுகமில்லாதவள்தான் உங்கடை சீட்டிலை நல்ல லாபம் தருவாள் போலை.”

பெண்கள் சிரித்தார்கள். சறோவின் முகம் கறுத்துவிட்டது. “எங்கடை சீட்டு ஒண்டும் கள்ளச்சீட்டில்லை,” என்றாள்.

“கள்ளமெண்டு ஆர் சொன்னது? இஞ்சை அவசரத்தை விக்கிறேல்லை, அவ்வளவுதான். முறைக்காரி விட்டால் விடட்டும். விடாட்டி ஒருத்தரும் குறை சொல்லக் கூடாது. தாந்தி, நீங்கள் சொல்லுங்கோ.”

தாந்தி என்றால் நான். வயதில் மூத்தவளை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அத்தனை பேர் முன்னால் நான் அதுவரை கதைத்ததில்லை. அவள் எடுக்கட்டும், கழிவு வேண்டாம் என்றேன். வாயில் கை இருந்ததால் கேட்கவில்லை என்றார்கள். கையை எடுத்துவிட்டுத் திரும்பச் சொன்னேன். ஃபத்துவின் மார்கழி முறை எனக்கு என்று மரியம் தீர்த்துவைத்தாள்.

3. கால்மாட்டு மூலை

ஃபத்து அறை எடுத்தாள். கணக்குத் திறந்தாள். மாதம் முடியமுன் பத்திரோனிடம் வங்கித் தாளைக் கொடுத்தாள். புருஷனின் அண்ணன் ஓட்டல் வாசலுக்கு வந்து சத்தம் போட்டார். அவள் வெளியே போனாள்.

“வீட்டுச் செலவுக்குத் தாறதை நான் தருவன். என்ரை கையாலை தருவன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து வேலையைத் தொடர்ந்தாள்.

மேற்பார்வைக்கு வந்த முதல் வாரம், நான் முடித்த அறைக்குள் வந்து கட்டிலைச் சுற்றிப் பார்த்தாள்.

“தாந்தி, கால்மாட்டு மூலை சரியா மடியேல்லை. விரிப்பைத் திரும்பப் போடுங்கோ.”

பக்கத்து அறையில் இருந்த சறோவுக்குக் கேட்டுவிட்டது. “அக்கான்ரை முறையிலை கணக்குத் திறந்தவ, அக்காவுக்கே சட்டம் கதைக்கிறா,” என்று தமிழில் முணுமுணுத்தாள்.

மூலை சரியாக மடியவில்லை என்பது உண்மை. நான் விரிப்பை இழுத்துத் திரும்பப் போட்டேன். ஃபத்து நின்று பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

உதவி பெற்றவள் காலம் முழுக்க நமக்குப் பணிந்து நடப்பாள் என்று எங்கள் ஆட்களில் பலர் நினைப்பதுண்டு. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது வேறு. அவள் மூலையைக் கண்டும் எனக்காகப் பேசாமல் போயிருந்தால், கணக்கு மாத்திரம்தான் அவள் பேரில் வந்திருக்கும், வேலை வந்திருக்காது.