சம்பந்தி கலந்த மருந்து

என் மகளின் மாமனாருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. ஓய்வு பெற்ற அதிகாரி, கே.கே. நகரில் சொந்த வீடு. நாங்கள் பெண் வீட்டார். அதனால் எங்கள் வீட்டு மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்வார். எனக்கு வெளி ஆட்களிடம் பேச்சு வராது. அவருக்கு அது வசதி.

பிரசவத்துக்கு வந்த மகள் ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருந்தாள். இரண்டாம் மாதத்தில் பேரனுக்கு வலிப்பு வந்தது. டாக்டர் எழுதிய மருந்து மாத்திரையாகத்தான் கிடைத்தது. தில்லை நகரில் ஒரு மருந்துக்கடையில் அதைக் குழந்தைக்குத் தகுந்தபடி திரவமாகக் கலந்து கொடுத்தார்கள்.

முதல் தடவை போனபோது சம்பந்தியும் வந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் மாத்திரைகளைச் சின்னக் கல்வத்தில் மாவாக அரைத்தார். ஏதோ திரவத்தைச் சில சொட்டு விட்டுக் குழைத்தார். பாகு போன்ற ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலந்து, அளவு சரிதானா என்று குனிந்து பார்த்துப் பழுப்பு பாட்டிலில் நிரப்பினார்.

“இதென்னம்மா பெரிய வித்தை? வீட்ல உரைமருந்து உரசுறதுதானே?” என்றார் சம்பந்தி.

“அப்ப வீட்லயே உரசிக் கொடுத்திருக்கலாமே சார்” என்றார் அந்தப் பெண், நிமிராமல். பிறகு என்னிடம், “நல்லா குலுக்கிட்டு, இந்த சிரிஞ்சுல கோடு வரைக்கும் எடுங்கம்மா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பாட்டில்ல வேற எதையும் கலக்காதீங்க.”

“கசக்குமே. ரோஸ்மில்க் எசன்ஸ் ரெண்டு சொட்டு விட்டா என்னவாம்?”

“கூடாது சார்.”

வாசலில் இறங்கியதும், “இவளுக்கு என்ன தெரியும்?” என்றார். அந்தப் பெண் படித்ததற்கான சான்றிதழ் கடைக்குள் அவர் நின்ற இடத்துக்கு நேர்மேலே மாட்டியிருந்தது. அண்ணாந்து பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் பேரனைப் பார்க்க வந்தார். மகள் குளிக்கப் போயிருந்தாள். நான் காபி கலந்துகொண்டு கூடத்துக்கு வந்தேன். பாட்டிலில் மருந்து இளஞ்சிவப்பாக இருந்தது. பக்கத்தில் எசன்ஸ் புட்டி. சம்பந்தி தன் கைக்குட்டையால் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். உதட்டோரத்திலும் அதே நிறம்.

“கொடுத்தீங்களாண்ணே?”

“சேச்சே, கலந்துதான் பார்த்தேன். இனிமே பாருங்க, பையன் சப்புக்கொட்டிக் குடிப்பான்.”

மாப்பிள்ளையைப் பெற்றவரை என் வீட்டில் வைத்து எப்படிப் பொய்யர் என்பது? பாட்டிலை எடுத்துப்போய்த் தொட்டியில் கவிழ்த்தேன்.

“என்னங்க, எல்லாத்தையும் கொட்டிட்டீங்க!” என்று பதறினார். ராத்திரிக்குள் புது மருந்து வேண்டும். அவர் காரிலேயே போனோம். காவேரிப் பாலம் தாண்டும்வரை, அந்தக் காலத்துக் குழந்தைகள் எப்படி வளர்ந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கடையில் நான் வாய் திறப்பதற்குள், “தங்கச்சி கைதவறிக் கொட்டிட்டாங்க” என்றார். உடனே என்னைப் பார்த்து ஒரு பெரிய மனுஷச் சிரிப்பு வேறு.

அந்தப் பெண் கேட்டார்: “கொட்டுறதுக்கு முன்னாடி இன்னிக்குக் குழந்தைக்கு எத்தனை தடவை கொடுத்தீங்க?”

“காலையில ஒரே தடவைதான்” என்றார் சம்பந்தி.

காலை மருந்து கொடுத்தது நான். அதோடு இவர் ஊற்றியது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ராத்திரியும் கொடுத்துவிட்டால்?

“இல்லைங்க. இவரு எசன்ஸைக் கலந்து சாயங்காலமும் கொடுத்திருக்காரு. உதட்டுல நிறம் இருந்துச்சு. பொய் சொல்றாரு” என்றேன். கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

“சார், எவ்வளவு?”

“ஒரு மூடி... இல்ல, ஒண்ணரை இருக்கும்” என்றார் அந்த அதிகாரி, தரையைப் பார்த்து.

அந்தப் பெண் டாக்டருக்குப் போன் போட்டார். ராத்திரி மருந்து வேண்டாம், குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். விடியும்வரை வைத்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பினார்கள்.

ஆனால் அது பிறகு. அப்போது கடையிலிருந்து குழந்தையைக் கூட்டிவர விரைந்தபோது, காரில் சம்பந்தி குரலைத் தாழ்த்தினார்.

“மருமககிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க தங்கச்சி.”

“கடையில இருந்தே போன்ல சொல்லிட்டேண்ணே. உங்க பையன்கிட்டயும்” என்றேன்.