பாலித் தீவில் மூன்றாவது அழைப்பு

எங்கள் சமையலறைச் சுவரில், அடுப்புக்கு மேலே ஓர் ஆணியில், தேங்காய்ச் சிரட்டையில் செய்த அகப்பை ஒன்று தொங்குகிறது. சிரட்டையை வழவழவென்று தேய்த்து மூங்கில் பிடி போட்டிருக்கிறார்கள். பிடியின் நுனி ஒரு பக்கம் கருகியிருக்கும். யாரோ அதை அடுப்பில் சாய்த்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கைவினைப் பொருள் கண்காட்சியில் வாங்கியதாக நினைத்துக்கொள்வார்கள். அது பாலித் தீவில் ஒரு பெயரில்லாத சோற்றுக்கடையிலிருந்து என் மாமனாரோடு விமானம் ஏறி வந்தது. கூடப்போன மற்றவர்கள் மரச் சிற்பங்களும் பூப்போட்ட சட்டைகளும் வாங்கினார்கள். அவர் கொண்டுவந்தது இது ஒன்றைத்தான்.

மாமனார் கோபிசெட்டிபாளையத்தில் மோட்டார் பம்பும் குழாயும் விற்றுவந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு டெஸ்டர். கரண்ட் கட்டணத்திலிருந்து அரசியல் வரை எதிலும் விட்டுக்கொடுத்துப் போகக்கூடியவர். சோற்று விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். சோறு என்பது கூப்பிட்டுப் போடுவது என்பது அவர் கட்சி. முதல் தரம் கூப்பிட்டால், "இருக்கட்டுங்க." இரண்டாம் தரம் கூப்பிட்டால், "இப்பத்தானுங்க ஆச்சு." மூன்றாம் தரம் கூப்பிட்டால் மறுபேச்சில்லாமல் கைகழுவ எழுந்துவிடுவார். எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் பசியைப் பொறுத்துக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். அவர் அதைச் சட்டமாகவே வைத்திருந்தார்.

தாராபுரத்தில் ஒரு நெருங்கிய சொந்தக்காரர் வீட்டுக்கு அவர் பல வருஷமாகப் போவதில்லை. சொத்துத் தகராறாக இருக்கும் என்று கல்யாணமான புதிதில் நினைத்திருந்தேன். பிறகு அவரே காரணத்தைச் சொன்னார். ஒரு மத்தியான வேளையில் அங்கே போனபோது அந்த வீட்டுக்காரர், "சாப்பிட வாங்க" என்று சொல்லாமல் "சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டாராம். "பசிச்ச மனுசங்கிட்ட கேள்வி கேக்கறதுங்களா மாப்ள? கூப்பிட்டுத்தானுங்க போடோணும்" என்றார். அன்று அவர் வெயிலில் பஸ் ஏறி, கோபிக்கு வந்துதான் சாப்பிட்டிருக்கிறார்.

தொண்ணூறுகளின் நடுவில், கோவையின் பம்ப் கம்பெனி ஒன்று நன்றாக விற்ற டீலர்களைத் துணைவியோடு பாலித் தீவுக்கு அழைத்துப் போக முடிவு செய்தது. மாமனார் முதலில் வேண்டாம் என்றார். விற்பனை மேலாளர் மறுபடி போன் செய்தார். மறுபடியும் வேண்டாம் என்றார். மேலாளர் உள்ளூர்க்காரர், விஷயம் தெரிந்தவர். மூன்றாம் தரம் நேரிலேயே வந்து கூப்பிட்டார். மாமனார் அன்றைக்கே பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டார். அத்தை விமானம் ஏறமாட்டேன் என்றுவிட்டார். என் மனைவிக்கு அது ஏழாவது மாதம். அதனால் துணைவியின் இடத்தில் மாப்பிள்ளையான நான் போவதாக ஆயிற்று.

நான் அப்போது கோவையில் ஒரு நாளிதழின் ஞாயிறு மலரில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஓசியில் போகிறேன் என்று தெரிந்ததும் மலரின் பொறுப்பாசிரியர், அந்தத் தீவில் எங்கெங்கே சாப்பிடலாம் என்று அரைப் பக்கத்துக்கு எழுதிக் கொண்டுவரச் சொன்னார். கிளம்பும் அன்று அத்தை வேறொரு வேலை கொடுத்தார். மாமனாருக்குச் சர்க்கரை. காலையிலும் இரவிலும் மாத்திரை உண்டு. "மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்துல இருந்தா மயக்கம் வந்துருமுங்க மாப்ள. அவரா எடுத்துச் சாப்பிடமாட்டாரு. நீங்கதான் பாத்துக்கோணும்" என்று சொல்லி, கம்பு முறுக்கும் வறுத்த நிலக்கடலையும் நிறைத்த பெரிய டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார். அத்தை சொன்னதன் முழுக் கனமும் எனக்கு முதல் நாள் இரவுதான் புரிந்தது.

ஓட்டலில் இரவுச் சாப்பாடு பஃபே. நீளமான மேசைகளில் வெள்ளிப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. டீலர்கள் ஒரு நிமிஷம் தயங்கினார்கள், பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டார்கள். மாமனார் ஓர் ஓரத்து மேசையில், வேட்டியைச் சரி செய்துகொண்டு, பந்தியில் உட்காருகிறவர் போல உட்கார்ந்தார். பரிமாறுகிறவர் ஒருவர் வந்து குனிந்து ஏதோ கேட்டார். மாமனார் சிரித்தபடி உள்ளங்கையைக் காட்டி, "இருக்கட்டுங்க" என்றார். அந்த இளைஞர் கைகூப்பிவிட்டுப் போனார். மாமனார் இரண்டாவது அழைப்புக்குக் காத்திருந்தார். கடைசிவரை அது வரவில்லை. எதிர்ப்புறம் அந்த இளைஞரும் ஒரு பெரியவரின் விருப்பத்தை மதித்துவிட்ட திருப்தியோடு நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு மரியாதைக்கு நடுவே ஒரு மனிதர் பட்டினி கிடந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நான் ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டுக்கொண்டு போய் வைத்தேன். அவர் பதறி எழுந்துவிட்டார். மாப்பிள்ளை எடுத்துவந்து மாமனார் சாப்பிடுவது ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். நான் கூப்பிட்டாலும் செல்லாது. உலகத்தில் எங்கே இருந்தாலும் நான் விருந்தாளி, அவர் வீட்டுக்காரர். அதை நிரூபிப்பது போல என்னை உட்காரவைத்து, அதே பாத்திரங்களிலிருந்து எனக்கு எடுத்துவந்து போட்டார். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க மாப்ள" என்று பக்கத்திலேயே நின்றார். பிறகு அறைக்குப் போய்க் கம்பு முறுக்கு தின்று, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். அந்தப் பயணத்தில் எனக்கு எடை கூடியதும் அவருக்குக் குறைந்ததும் இந்த ஏற்பாட்டினால்தான்.

மறுநாள் வெளியே சாப்பிடலாம் என்று அழைத்துப் போனேன். அரைப் பக்கக் கட்டுரையும் ஆகும், அவர் சாப்பாடும் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கடற்கரையில், மேசைக்கு மேசை மெழுகுவர்த்தி ஏற்றிவைத்த ஒரு கடை. பரிமாறுகிற பெண் வந்து, குடிக்க என்ன வேண்டும், சில்லென்றா சாதாரணமா, சிறியதா பெரியதா, காரம் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். "போலீஸ் ஸ்டேசன்ல கூட இத்தனை கேள்வி கேக்கமாட்டாங்களே" என்றார் மாமனார். ஒருவழியாக வறுத்த மீன் வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டவர், யாராவது வந்து "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்வதற்கு இடம் விட்டுக் கையை நிறுத்தினார். அந்தப் பெண் வந்தாள், முடிந்துவிட்டதா என்று கேட்டாள். அவர் மரியாதைக்காகத் தலையை ஆட்டினார். மீன் போய்விட்டது. முள்ளைக்கூட எடுக்காத மீன் அது.

அடுத்து ஓர் இந்திய உணவகம். வாசலிலேயே மசாலா வாசனை வந்ததால் நம்பிக்கையோடு நுழைந்தோம். கல்லாவில் இருந்த முதலாளி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார், தலையைத் திருப்பவில்லை. மாமனார் நிலைப்படியிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "உள்ள வந்தவங்கள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லீங்க. நாம போலாம் மாப்ள" என்று திரும்பிவிட்டார். இப்படியே மேலும் சில கடைகள். என் குறிப்புகளில் எல்லாக் கடைகளின் வாசலும் இருந்தது, ஒன்றின் ருசியும் இல்லை.

முறுக்கு டப்பாதான் அவரைக் காப்பாற்றி வந்தது. அதையும் அவர் தனியாகத் தின்னவில்லை. அறைக்கு யார் வந்தாலும் டப்பாவைத் திறந்து, மூன்று தரம் கூப்பிட்டு, கைநிறைய அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். படுக்கை விரிப்பை மாற்ற வந்தவர்கூட வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் காலையில் மாத்திரையை விழுங்கியபின் டப்பாவைத் திறந்தால், அடியில் எள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னிடம் அதைச் சொல்லவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அன்று கோயில் ஒன்றைப் பார்க்க மலைப்பக்கம் போனோம். படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள் இருந்த ஓர் இடத்தில் படம் எடுக்க பஸ்ஸை நிறுத்தினார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது, சாலையோரச் சோற்றுக்கடை ஒன்றின் பெஞ்சில் மாமனார் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டெஸ்டரைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. அப்போதுதான் டப்பா காலியான விஷயத்தைச் சொன்னார். எனக்கு அத்தையின் முகம் நினைவுக்கு வந்தது. பைகளைத் துழாவினேன். விமானத்தில் கொடுத்த மிட்டாய்களையும் அவர் ஓட்டல் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். கடையை நடத்திய நடுவயதுப் பெண்ணிடம் வாயால் பாதி, கையால் பாதியாகச் சர்க்கரை போட்ட தேநீர் வாங்கி அவரிடம் நீட்டினேன். அந்த நிலையிலும் அவர் சொன்னார்: "நீங்க குடிங்க மாப்ள."

எனக்கு வாழ்க்கையில் முதன்முறையாக அவர்மேல் கோபம் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஓலையில் முடைந்த சிறு தட்டில் பூவும் நாலு பருக்கைச் சோறும் வைத்து, அதைக் கடை வாசலில் தரையில் வைத்துக் கும்பிட்டாள். பிறகு தனக்குச் சோறு போட்டுக்கொண்டு எதிர்ப்பலகையில் உட்கார்ந்தாள். சாப்பிடுவதற்கு முன்னால், எதிரே இருந்த மாமனாரைப் பார்த்து, தன் தட்டை லேசாக நீட்டி ஏதோ சொன்னாள். மொழி தெரியாவிட்டாலும் அது கேள்வி இல்லை என்பது தெரிந்தது. பிறகு அங்கே விசாரித்தபோது, பக்கத்தில் ஆள் இருக்க அவரைக் கூப்பிடாமல் சாப்பிடுவது அந்த ஊரில் மரியாதை இல்லை என்றார்கள்.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளங்கையைக் காட்டி, "இருக்கட்டுங்க" என்றார்.

அவள் மறுபடி சொன்னாள். "இப்பத்தானுங்க அம்மணி ஆச்சு" என்றார் இவர், உதடு வெளுத்த முகத்தோடு. அவள் மட்டும் இத்தோடு விட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தால், நான் மாமனாரைப் பிடித்துக் கீழே கிடத்தித் தேநீரை வாயில் ஊற்றுவதாகவே முடிவு செய்துவிட்டேன். அவள் தன் தட்டைக் கீழே வைத்தாள். எழுந்தாள். மூன்றாவது முறை வந்தது வசவு. இந்த வயதில் இப்படியா உடம்பைக் கெடுத்துக்கொள்வது என்ற தொனியில் நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டே, பெஞ்சைத் துடைத்து, ஈர்க்கில் பின்னிய தட்டில் இலையைப் போட்டு, சிரட்டை அகப்பையால் சோறும், தேங்காய் போட்ட பயத்தங்காயும், முட்டைக் குழம்பும் அள்ளி வைத்தாள். மாமனார் கைகழுவ எழுந்துவிட்டார்.

அவர் சாப்பிட்டதை நான் நின்று பார்த்தேன். இரண்டாம் தரம் சோறு வந்தபோது தட்டின்மேல் கையை வைத்து மறைத்தார். அவள் விரல்களுக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளியில் போட்டாள். எங்கள் ஊர்ப் பந்தியில் செய்வது அப்படியே அதுதான். விரல் நடுக்கம் நின்று, முகத்தில் நிறம் திரும்பியபின் என்னைப் பார்த்து, "இது கடை இல்லீங்க மாப்ள. ஊடு" என்றார். பிறகுதான் தேநீரைக் குடித்தார். ஆறிப் போயிருந்தது.

கடைசி நாள் இரவு ஓட்டலில் கம்பெனியின் பெரிய விருந்து. முதலாளி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தபோது பாதி நாற்காலி காலியாக இருந்ததாம். பாதி டீலர்களை மாமனார் ஒரு வேன் பிடித்துச் சோற்றுக்கடைக்குக் கூட்டிப்போயிருந்தார். முதலாளி தேடிக்கொண்டு அங்கே வந்து இறங்கியபோது, மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் அகப்பையோடு, சைக்கிளில் வந்த இரண்டு வெள்ளைக்காரர்களை, "வாங்க, உக்காருங்க, வெக்கப்படாதீங்க" என்று தமிழில் அழைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் உட்கார்ந்தும் விட்டார்கள். முதலாளி முகம் சிவந்து ஏதோ சொல்ல வந்தார். "வாங்க, சாப்பிடுங்க" என்றார் மாமனார். முதலாளி வேண்டாம் என்றார். மறுபடி கூப்பிட்டார், மறுபடி வேண்டாம் என்றார். அவருக்கும் சொந்த ஊர் பவானிக்குப் பக்கம்தான். மூன்றாம் தரம் கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டார். எல்லாரும் சாப்பிட்டபின் அந்தப் பெண் மாமனாரைக் கூப்பிட்டாள். அவர் கடைசியாக உட்கார்ந்தார். கிளம்பும்போது அவள் அந்த அகப்பையைக் கழுவி அவர் கையிலேயே கொடுத்தாள். அதையும் அவர் மூன்றாவது தரம்தான் வாங்கினார்.

ஊர் திரும்பி நான் எழுதிய கட்டுரையில் ஒரே ஒரு கடைதான் இருந்தது. பொறுப்பாசிரியர் பெயர் கேட்டார், இல்லை என்றேன். முகவரி கேட்டார், நெல்வயலுக்கு எதிரே என்றேன். அந்தத் தீவு முழுக்கவே நெல்வயல்தானே என்றார். கடைசியில், எந்தக் கடையில் உங்களைக் கூப்பிடுகிறார்களோ அங்கே சாப்பிடுங்கள் என்று முடித்து, மிச்ச இடத்தைக் கடற்கரைப் படத்தால் நிரப்பினார்கள். சில மாதம் கழித்து, திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரர் ஒருவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். கட்டுரையைப் படித்துவிட்டு அங்கே போயிருந்தாராம். போன கடையிலெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கூப்பிட்டுவிட்டார்கள், வயிறு கெட்டுவிட்டது, இதில் உங்கள் கடை எது என்று குறையாகக் கேட்டார். மாமனாரிடம் சொன்னேன். "அப்ப நம்ம கம்பெனிக்காரங்கதானுங்க தப்பான எடத்துல கொண்டுபோயித் தங்க வெச்சுபோட்டாங்க" என்றார்.

அவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. கடைசியில் மருத்துவமனையில் இருந்தபோதும், புதிதாக ஒரு நர்ஸ் பணிக்கு வந்தால், மூன்று தரம் கூப்பிட வேண்டும் என்று என் மனைவி தனியாக அழைத்துச் சொல்லிவைப்பாள். அன்று வயிற்றில் ஏழு மாதமாக இருந்த மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க ஒரு தோழி வந்திருந்தாள். மகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "சாப்பிடறியா?" என்று கேட்டாள். அந்தப் பெண் வேண்டாம் என்றாள். சரி என்று மகள் பேச்சை மாற்றிவிட்டாள்.

எனக்கு உட்கார முடியவில்லை. ஆணியிலிருந்து அகப்பையை எடுத்தேன். அரிசிம்பருப்புச் சோறு சூடாக இருந்தது. "வாம்மா, சாப்பிடலாம்" என்றேன். வேண்டாம் அங்கிள் என்றாள். மறுபடி கூப்பிட்டேன், வேண்டாம் என்றாள். மூன்றாம் தரம் தட்டையே வைத்துவிட்டேன். பாவம், நெய் விட்டு இரண்டு அகப்பை சாப்பிட்டாள். மூன்றாவதுக்குத் தட்டின்மேல் கையை வைத்தாள். விரலுக்குப் பக்கத்தில் போட்டேன். அவள் போனபின் மகள் சொன்னாள், வழியில் ஓட்டலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாளாம், உண்மையிலேயே பசி இல்லையாம்.

மாமனார் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். அதெல்லாம் சும்மா சொல்றதுங்க மாப்ள என்றிருப்பார். அகப்பையைக் கழுவி, கருகிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி ஆணியில் மாட்டினேன்.