பதினேழாம் எண் எங்கே போனது

அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் டோக்கன் அக்கா. வேலை உத்தரவில் "கணினிப் பிரிவு, முதுநிலை அலுவலர்" என்று நீட்டி முழக்கி எழுதியிருக்கிறது; அதை யார் படித்தார்கள்? ஐம்பத்தொரு வயது, மூக்கு நுனிக்கு இறங்கிவரும் கண்ணாடி, மேசையில் எப்போதும் ஆறிப்போன ஒரு டீ. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. அதில் அக்காவும் ஒரு சர்வர் கணினியும், இருவருக்கும் சேர்த்து ஒரே மின்விசிறி. வெயில் நாட்களில் விசிறியை சர்வர் பக்கம் திருப்பிவிட்டு, அக்கா ஓர் அட்டையால் விசிறிக்கொள்வார்.

தட்டச்சராகத்தான் சேர்ந்தார். ஆஸ்பத்திரிக்கு முதல் கணினி வந்தபோது எல்லோரும் அதற்கு உறை மாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அக்கா மட்டும் உறையைக் கழற்றினார். புத்தகத்தைப் பார்த்தும், வருவோர் போவோரைக் கேட்டும், மூன்று முறை எல்லாவற்றையும் அழித்துத் தொலைத்தும் கற்றுக்கொண்டார். மேலே இருந்தவர்கள் விடுப்புப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றச் சொன்னார்கள். அக்கா முதலில் செய்தது வெளிநோயாளிகளுக்கான டோக்கன் வரிசை. பிழைக்கத் தெரியாத பெண் என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. அக்காவுக்கு ஒன்பது வயதில், பட்டறையில் வேலை செய்த அவருடைய அம்மாவின் இடது கண்ணில் இரும்புத் தூள் தெறித்தது. வேறோர் ஆஸ்பத்திரி. பெயர்ச் சீட்டைக் கொடுத்துவிட்டு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சீட்டு எங்கோ தவறிவிட்டது. "போய்க் கேளும்மா" என்று மகள் நாலு தடவை சொன்னாள். "கூப்பிடுவாங்க, இரு. நாமளா போய் நின்னா நல்லா இருக்காது" என்றார் அம்மா. சாயங்காலம் கதவைச் சாத்தினார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்த டாக்டர், "முந்தாநாளே வந்திருக்கக் கூடாதா?" என்றார். வந்திருந்தோம் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. அந்தக் கண்ணில் பார்வை திரும்பவே இல்லை.

ஆகவே, காத்திருக்கிற ஒருவர்கூட வரிசையில் தொலைந்துபோகக் கூடாது என்பது அக்காவுக்கு வேலை மட்டும் அல்ல. அது ஒரு பிடிவாதம்.

சிக்கல் அந்த சர்வரில் இருந்தது. வரிசை முழுவதையும் அது மெமரியில் வைத்திருந்தது. அலமாரியைத் திறந்து தேடாமல், மேசைமேல் விரித்து வைத்த காகிதத்தைப் பார்ப்பது போல. கேட்ட மாத்திரத்தில் பதில் வரும். ஆனால் மின்சாரம் ஒரு முறை கண்ணடித்தால் போதும், மேசை துடைத்துவைத்த மாதிரி ஆகிவிடும். அப்படி ஒரு நாள் வரிசை காணாமல் போனபோது, பொறுமை இழந்த ஒருவர் கவுண்டரில் இருந்தவரின் சட்டையைப் பிடித்துவிட்டார். அதன் பிறகு கவுண்டர்காரர் ஒரு நீள நோட்டு வாங்கிவைத்து எல்லா டோக்கனையும் கையாலும் எழுத ஆரம்பித்தார். எண், பெயர், டாக்டர், கூடவே ஓர் அடையாளம்: "பச்சைப் பை", "கைக்குழந்தை", "தாடி", "சிடுசிடு". அன்றிலிருந்து அவர் பெயர் நோட்டுக்காரர்.

அக்காவுக்கு அந்த நோட்டைக் கண்டால் ஆகாது. அது தன் சர்வரைப் பார்த்து முகம் சுளிப்பது போல இருக்கும்.

கடைசியில் மேலிடம் மனம் இரங்கியது. படிக்கட்டுக்கு அடியில் இருந்ததை எடுத்துவிட்டு, கிளவுடில், அதாவது வெளிக் கம்பெனி ஒன்றின் கணினியில், ஒரு மெமரி டேட்டாபேஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. பராமரிப்பெல்லாம் கம்பெனியின் பொறுப்பு. நாம் எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் போதும். பெண் பார்க்கப் போனவர் மாதிரி அக்கா இரண்டு வாரம் அலைந்தார். காத்திருப்போர் கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து தலைகளை எண்ணினார். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கே ஆயிரத்து எண்ணூறு டோக்கன்தான். கிளவுடில் இருப்பதிலேயே சின்ன அளவு எடுத்தால்கூட, அண்டாவில் ஒரு பிடி அரிசி போட்ட கதையாக இடம் மிஞ்சும்.

சின்னதையே தேர்ந்தெடுத்தார். ஒன்று விழுந்தால் எழுந்து நிற்க அதன் நகலாக இன்னொரு துணை வேண்டுமா என்று படிவம் கேட்டது. வேண்டாம் என்றார். இடம் நிறைந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டது. "நெடுநேரம் யாரும் எடுத்துப் பார்க்காததை நீக்கு" என்பதில் ஏற்கெனவே டிக் இருந்தது. நிறையவா போகிறது என்று அதை அப்படியே விட்டுவிட்டார். அந்தச் சூட்டோடு ஆஸ்பத்திரி சூப்பிரண்டிடம் போய், "இனிமே நோட்டு வேண்டாம் சார். ஒரே வேலைக்கு ரெண்டு எதுக்கு?" என்று கையெழுத்தும் வாங்கிவிட்டார். உத்தரவைப் படித்த நோட்டுக்காரர் நோட்டை மூடி டிராயருக்குள் வைத்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் வாரம் எல்லாம் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. எக்ஸ்ரே பிரிவிலிருந்து ஒருவர் வந்து, படங்களையும் அங்கே வைத்தால் டாக்டர்களுக்கு உடனே திறக்குமே என்று கேட்டார். "இடம் சும்மாதானே கிடக்குது, வச்சுக்குங்க" என்றார் அக்கா பெரிய மனசாக.

அடுத்த திங்கட்கிழமை பகல் பதினொன்றரைக்கு நோட்டுக்காரர் படியடி அறைக்கு வந்து நின்றார். முப்பத்தெட்டு வயது ஆள், திருட்டுத்தனம் செய்த பள்ளிப்பிள்ளை மாதிரி கையைப் பின்னால் வைத்திருந்தார்.

"அக்கா, கோபப்படக் கூடாது."

"விஷயத்தைச் சொல்லு தம்பி."

"இதய டாக்டர் காலையில ஆபரேஷனுக்குப் போனாருல்ல? இப்பதான் திரும்பி வந்தாரு. அவரு டோக்கன் போர்டுல பதினாறு முடிஞ்சு நேரா ஐம்பத்தெட்டு வருது. பதினேழு எங்கக்கா?"

"வந்திருக்க மாட்டாங்க. வராத நம்பரை எல்லாம்..."

"வந்திருக்காங்க. நான் எழுதி வச்சிருக்கேன்." பின்னாலிருந்து நோட்டு வெளியே வந்தது. "மேசை டிராயருக்குள்ள வச்சு எழுதினேன். மன்னிச்சுக்குங்க."

அக்கா திரையைத் திறந்தார். எக்ஸ்ரே படங்கள் இடத்தை முழுசாக நிரப்பியிருந்தன. நிறைந்ததும் டேட்டாபேஸ் சொன்ன சொல் தவறாமல் வேலை பார்த்திருக்கிறது: நெடுநேரம் யாரும் எடுத்துப் பார்க்காததை ஒவ்வொன்றாக நீக்கியிருக்கிறது. எதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை? நகராத வரிசையில், போர்டில் ஏறாமல், காலை ஏழு மணிக்கே வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களை. யார் அதிகம் காத்திருந்தார்களோ அவர்களையே வெளியே தள்ளியிருக்கிறது. அந்த டிக்கை அப்படியே விட்டது தான்தான் என்று அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"பதினேழு யாரு?"

நோட்டுக்காரர் விரலை வைத்துப் படித்தார். "பழுப்புப் பை. நெஞ்சைத் தடவிட்டே இருக்காங்க."

இருவரும் கூடத்துக்கு ஓடினார்கள். தூணுக்குப் பக்கத்தில், பழுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வியர்த்த முகத்தோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, இவ்வளவு நேரமாச்சே, வந்து கேக்கக் கூடாதா?" என்றார் அக்கா.

"கூப்பிடுவாங்கன்னு இருந்தேன்" என்றார் அந்த அம்மாள்.

அக்காவுக்குக் கால் ஒரு நிமிடம் அங்கேயே நின்றுவிட்டது. நல்லவேளையாக நோட்டுக்காரருக்கு நிற்கவில்லை. அதற்குள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். இதய டாக்டர் பார்த்த உடனே உள்ளே சேர்த்துக்கொண்டார். சாயங்காலம் வரை விட்டிருந்தால் தாங்கியிருக்காது என்றார்.

அக்கா திரும்பி வந்து எக்ஸ்ரே படங்களை வெளியே எடுத்தார். அந்த டிக்கை மாற்றினார்: எதையும் நீக்காதே, இடம் இல்லையென்றால் இல்லை என்று சொல். பிறகு நோட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, விட்டுப்போன நாற்பத்தொரு பேரையும் அவர் படிக்கப் படிக்கத் திரும்ப ஏற்றினார். "முப்பத்திரண்டு, சிடுசிடு" என்று படித்துவிட்டு, "இவர் நிஜமாவே சிடுசிடுதான்க்கா, ஏற்கெனவே ரெண்டு தடவை என்னைத் திட்டிட்டாரு" என்றார். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கடைசிப் பெயரை ஏற்றியதும் அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தம்பி, நோட்டை நிறுத்தச் சொன்னது நான்தான். சூப்பிரண்டு இல்ல."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா எழுதின?"

"அன்னைக்கு சட்டையப் பிடிச்சாரே, அவர் கூட ஒரு சின்னப் பொண்ணு இருந்துச்சு. காலையிலேர்ந்து சாப்பிடலை போல. அது மூஞ்சி ஞாபகம் வரும். அதான்."

சட்டையைப் பிடித்தவர்மேல் கோபத்தில் எழுதுகிறார் என்றுதான் அக்கா இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். எழுந்து போய் இரண்டு சூடான டீ வாங்கி வந்தார். நன்றி என்று சொன்னார். ஒரு தடவை சொன்னது போதவில்லை என்று தோன்றியது. இன்னொரு தடவையும் சொன்னார். நோட்டுக்காரர் கூச்சத்தில் நெளிந்தார்.

மறுநாள் புதிய படிவம். எக்ஸ்ரேவுக்குத் தனி இடம். டோக்கனுக்குச் சற்றே பெரிய அளவு, கூடவே ஒன்று விழுந்தால் எழுந்து நிற்கும் துணை. சூப்பிரண்டு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஒரே வேலைக்கு ரெண்டு எதுக்குன்னு நீங்கதானேம்மா கேட்டீங்க?"

"தெரியாமக் கேட்டுட்டேன் சார். ரெண்டு இல்ல, மூணு வேணும். மூணாவது கவுண்டர்ல இருக்கு. அதை நிறுத்தின உத்தரவையும் நீங்க கிழிச்சுடணும்."

அவர் கிழித்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னார். காய்ந்த துணியை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்த அம்மா, பழுப்புப் பை அம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார் என்ற இடம் வந்ததும் கையை நிறுத்தினார்.

"அவ போய்க் கேட்டாளா?"

"இல்லம்மா. அவங்க கேக்கலை. அவங்களுக்காக அந்தத் தம்பி வந்து கேட்டான்."

அம்மா மடித்த துணியைத் திரும்பவும் பிரித்து, திரும்பவும் மடித்தார்.

"ஞாயித்துக்கிழமை அந்தப் பிள்ளைய சாப்பிடக் கூட்டிட்டு வா" என்றார். "எனக்கு அவனைப் பாக்கணும். ஒரு கண்ணு இருக்குல்ல, அது போதும்."