முதலில் கொடுத்தது தும்புத்தடி

தட்டில் சோறு விழுந்ததும் குனிகிற யோகமலர், அது காலியான பிறகுதான் நிமிர்கிறாள். பக்கத்தில் சம்பலோடு நிற்கும் தாய் தங்கம்மாவுக்கு அதைப் பரிமாறக்கூட நேரம் கிடைப்பதில்லை.

"யாரும் புடுங்கிக்க மாட்டாங்க புள்ள. மெதுவா தின்னு."

"பழகிருச்சும்மா. அங்க மெதுவா தின்னா பட்டினிதான்."

தெரணியகலைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள். இராணுவப் பயிற்சி முடிந்து முதல் லீவில் வந்திருக்கிறாள். கழுத்தோடு நின்றுவிட்ட முடி, சிரித்தால் கன்னத்தில் குழி. பின்னாலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு விறைப்பாக எழுந்து நிற்கிறாள். கூப்பிட்டது பக்கத்து வீட்டு அக்கா என்று தெரிந்ததும் தன்னைத் தானே திட்டிக்கொண்டு உட்காருகிறாள்.

அந்த அக்காவுக்குத்தான் கேள்விகள் அதிகம்.

"போன ஒடனே துப்பாக்கி குடுத்தாங்களா?"

"எங்க? தும்புத்தடியத்தான் குடுத்தாங்க! காஞ்ச எலைய கூட்டுனேன், சாக்கடைக் கான் கழுவுனேன். காலைல இருந்து 'இக்மன், இக்மன்'னு அவசரப்படுத்தி வெரட்டிக்கிட்டே இருப்பாங்க. குளிக்கிறதும் இக்மன், அழுவுறதும் இக்மன்."

"மலை ஏறி எறங்குன புள்ள, ஓட்டமெல்லாம் லேசா இருந்திருக்குமே?"

இதற்கு அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. படிப்பு முடிந்ததும் டவுன் துணிக்கடையில் வேலைக்கு நின்றவள்; மலையேறியதெல்லாம் ஆட்டோவில். முதல் ஓட்டத்திலேயே பாதி வழியில் சேற்றில் விழுந்தாள். சிங்களம் நன்றாகத் தெரிந்ததால், பயிற்சி கொடுத்த கோப்ரல் மிஸ் திட்டியது ஒரு சொல் விடாமல் விளங்கியது.

சில வாரங்களில் பூட்ஸ் உரசிக் குதிங்கால் இரண்டும் புண்ணாயின. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேச ஃபோன் கிடைத்தபோது, "நா வந்துர்றேம்மா" என்று அழுதாள். மறுமுனையில் தாயும் அழ, தகப்பன் கந்தையா ஃபோனை வாங்கினார். தோட்டத்துக் காவல்காரர். மகள் பட்டாளத்தில் சேர்வதை முதலிலிருந்தே எதிர்த்தவர். புறப்பட்ட நாளில் முகங்கொடுத்துப் பேசவில்லை. 'அப்பவே சொன்னேன்ல' என்பார் என்று இவள் காத்திருந்தாள்.

"ரெண்டு சோடி மேஸ் போடு," என்றார் அவர். "உள்ள போடுற மேஸ்ல, குதிங்கால் பக்கமா காஞ்ச சவக்காரத்த நல்லா தேச்சிக்க. ஒரசாது. நா பூட்ஸ மாட்டிக்கிட்டுத்தான தோட்டம் முச்சூடும் சுத்துறேன். அப்பவும் முடியலேன்னா சொல்லு. நானே வந்து கூட்டிட்டு வாறேன்."

இரண்டு காலுறை போட்டு, உள்ளதில் சோப்பைத் தேய்த்தாள். புண் ஆறியது. அடுத்த ஓட்டத்தில் விழாமல் எல்லைக் கோட்டைத் தாண்டினாள்.

"கடைசிக்கு முந்தின ஆளு நாந்தான். கடைசி இல்ல, தெரியுமா?" என்று அக்காவிடம் விரலை ஆட்டுகிறாள்.

பயிற்சி நிறைவு அணிவகுப்புக்குத் தாய் மட்டும் போய் வந்தாள். கந்தையா டியூட்டி என்று சொல்லிவிட்டார். எப்படி இருந்தது என்றும் கேட்கவில்லை.

லீவு முடிந்த காலையில், யாரும் கூப்பிடாமலேயே அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மகளோடு கிளம்பினார்.

"பேக்க குடு."

"வேணாம்ப்பா. இதெல்லாம் ஒரு பாரமா?"

பஸ் பாதைக்கு இறங்கும் வழியில் பையை முதுகில் போட்டுக்கொண்டு, கைகளை வீசி, யோகமலர் தன்னையறியாமல் பட்டாளத்து நடையில் நடந்தாள். கந்தையா ஓரக்கண்ணால் அவள் கால்களைப் பார்த்தார். பிறகு லேசாக ஒரு துள்ளுத் துள்ளி, காலை மாற்றி வைத்து, மகளோடு அடி சேர்த்துக்கொண்டார்.