நகம் என்ன நிறம்?

அம்மாருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. மும்பை தாராவி வீட்டில் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பான். அப்படிப்பட்ட ஆளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: செம்பூரில் முப்பது மாடிக் கட்டடத்துக்கு கிரேன் ஓட்டுவது. காலையில் ஏணி ஏறினால் மதியம்வரை கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரே நாற்காலி. அந்த அவஸ்தை தாங்காமல்தான் பறவை பார்க்க ஆரம்பித்தான்.

மாட்டுங்காவில் பேங்க் ஆபீசராக இருக்கும் பானுமதி ஒரு பறவைக் குழு நடத்துகிறார். யார் எங்கே எதைப் பார்த்தாலும் அவருடைய லிஸ்டில் ஏறும். மூன்று வருஷத்தில் அம்மாரின் பெயரில் அறுபது வரி. எல்லாம் கிரேன் உச்சியில் தனியாகப் பார்த்தவை. கூண்டுக்குள் போன் கொண்டுபோனால் சீட்டு கிழிந்துவிடும். ஆகவே ஒன்றுக்கும் போட்டோ கிடையாது. அவன் வாய்ச்சொல்தான் சாட்சி.

போன வாரம் கிரேன் கையின் நுனியில் ஒரு பெட்டை வல்லூறு வந்து உட்கார்ந்தது. கெஸ்ட்ரல் என்கிற அந்த வல்லூறு ஜாதியில் இரண்டு உண்டு. சாதா கெஸ்ட்ரல் குளிர்காலத்தில் வருவது வழக்கம். சின்ன கெஸ்ட்ரல் அபூர்வம். பெட்டைகள் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் சாதாவுக்குக் கால்நகம் கறுப்பு, சின்னதுக்கு வெள்ளை. உடம்பு ஒல்லியாகத் தெரிந்ததை வைத்து, சின்னதுதான் என்று குழுவில் அடித்துச் சொல்லிவிட்டான்.

“நகம் பாத்தேளா, அம்மார்?” என்று பானுமதி கேட்டார்.

“பாத்தேன் மேடம். வெள்ளை.”

பார்க்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. இரண்டு பேர் கிண்டல் செய்தார்கள். “அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று பானுமதி அவர்களை அடக்கிவிட்டு அறுபத்தோராவது வரியாக எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து இவனுக்குத் தூக்கம் போச்சு.

செவ்வாய்க்கிழமை அந்தப் பறவை, அதேதான் என்று வைத்துக்கொள்வோம், கூண்டுக்கு நேர் முன்னால் கம்பியில் வந்து உட்கார்ந்தது. கால் வயிற்று இறகுக்குள் மறைந்திருந்தது.

“பாய், பக்கெட்டு ரெடி. தூக்குங்க.” கீழேயிருந்து சிக்னல் கொடுக்கும் ராஜபாண்டி வாக்கிடாக்கியில் கூப்பிட்டான். கிரேன் அசைந்தால் பறவை பறந்துவிடும்.

“காத்து ஜாஸ்தியா இருக்கு. ரெண்டு நிமிஷம்.”

“இங்க ஒரு இலைகூட ஆடலயே பாய். கான்கிரீட்டு இறுகிரும். சூப்பர்வைசர் என்னயப் போட்டுக் காய்ச்சுதான்.”

“மேல அடிக்குதுப்பா.”

இன்னொரு பொய். வெள்ளையாக இருந்துவிடு தாயே என்று பறவையைக் கெஞ்சினான். அதுவோ இடுக்கி வைத்திருந்த வெட்டுக்கிளியைத் தின்ன ஒரு காலைத் தூக்கியது. நகம் கறுப்பு. அடுப்புக்கரிக் கறுப்பு.

பக்கெட்டைத் தூக்கினான். மதியம்வரை மனசுக்குள் ஒரே வாக்குவாதம். யார் பார்த்தா? எவன் இவ்வளவு உயரம் ஏறி வந்து கேட்கப்போகிறான்? சாப்பாட்டு நேரத்தில் லாக்கரிலிருந்து போனை எடுத்து, சிமெண்ட் மூட்டைகளைச் சுற்றி நாலு தரம் நடந்து, கடைசியில் கூப்பிட்டே விட்டான்.

“மேடம், அது சாதா கெஸ்ட்ரல்தான். இன்னிக்கு நகம் பாத்தேன். கறுப்பு.”

“அதனால என்ன? அன்னிக்கு வந்தது வேற பறவையா இருக்கலாமே.”

நல்ல மனுஷி, தப்பிக்க வழியும் காட்டுகிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

“இருக்கலாம் மேடம். ஆனா அன்னிக்கு நான் நகமே பாக்கல. பாத்தேன்னு பொய் சொன்னேன். அந்த வரிய எடுத்துருங்க.”

“சரி, எடுத்துடறேன்” என்றார் பானுமதி. பிறகு தணிந்த குரலில், “அப்போ மத்த அறுபதும்?”

“அல்லா மேல ஆணையா எல்லாம் நிஜம் மேடம்.”

 மறுமுனையில், பேங்கில் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது. அடுத்த நம்பரும் கூப்பிட்டார்கள்.

“நம்பறேன்” என்றார்.