ஏழு பாட்டு, ஒரு மணி நேரம்

எங்கள் பேண்டில் மூன்று பேர். நான் கிடார் வாசித்துக்கொண்டே கத்துவேன். பாடுவேன் என்று சொன்னால் என் அம்மாவே ஒப்புக்கொள்ள மாட்டார். பகலில் அசோக் நகரில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், அதனால் கத்துவதில் பயிற்சி உண்டு. பேஸ் கிடார் வாசிப்பவன் மயிலாப்பூர்க்காரன். பத்து வருடம் வயலின் கற்றுக்கொண்டு, ஒரே நாளில் அதை மூட்டை கட்டி வைத்தவன். டிரம்ஸ் அடிப்பவன் பட்டினப்பாக்கம் பக்கம் மீனவர் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன், கிண்டி எஸ்டேட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறான். எங்கள் பாட்டு எதுவும் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. பங்க் இசை என்றால் அப்படித்தான்: சொல்ல வேண்டியதைக் கோபத்தோடு சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட வேண்டும்.

முதல் இரண்டு வருடம் எங்களுக்கு ரசிகர்கள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். தி. நகரில் ஒரு காபிக் கடை மாடியில் வாசித்தால் முப்பது நாற்பது பேர் நிற்பார்கள். போதாதா? ஒருநாள் பேஸ்காரன் எடுத்த வீடியோவில் கூட்டத்தின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். இவன் அந்த பேண்டின் டிரம்மர். இவள் இந்த பேண்டின் பாடகி, பக்கத்தில் அவள் புருஷன். கடைசியில் நின்ற தாடிக்காரரைப் பார்த்து எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. அவர் சவுண்டு செட் போடுகிற ஆள் என்றான் பேஸ்காரன்.

ஊரில் இருக்கும் சின்ன பேண்டுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. யார் வாசித்தாலும் மற்றவர்கள் போய் நிற்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். இரண்டு முறை போகாவிட்டால் உன் நிகழ்ச்சிக்கு ஆள் இருக்காது. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிற மாதிரி ஒருவர் நிகழ்ச்சிக்கு ஒருவர் போய்க்கொண்டிருந்தோம். போனவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, பாட்டைக் கேட்காமல், வாசிப்பவன் விரலைப் பார்ப்பார்கள். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன், குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அந்த வீடியோவைப் பார்த்த அன்றைக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அடையாறில் நடக்கவிருந்த ஒரு நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டிருந்தோம். அதற்குக் கடமைக்கு வராத ஆள் ஒருவராவது வராவிட்டால் நான் நிறுத்திக்கொள்கிறேன் என்று இருவரிடமும் சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முப்பத்தாறு வயதில் விரல் காய்த்துப் போய், தொண்டை கட்டிக்கொண்டு, திங்கட்கிழமை வகுப்பில் சைகையாலேயே கணக்கு நடத்துவது யாருக்காக என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வீட்டார், நண்பர், உறவு என்று யாரையும் கூப்பிடக் கூடாது என மூவரும் பேசி முடித்தோம்.

இடையில், கடலோரத்தில் இருக்கும் எங்கள் மாதா கோயிலில் திருவிழா வந்தது. தேர் பவனிக்கு முன்னால், ஐந்திலிருந்து ஆறு வரை பாட வேண்டிய இசைக்குழு கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டது. சின்ன வயதில் நான் பாடற்குழுவில் இருந்ததை நினைவில் வைத்திருந்த ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். என்ன மாதிரி பாட்டு என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

முன்வரிசை முழுக்க மீன் விற்கிற பெண்கள். மாதா தேர் என்றால் குப்பத்தில் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் வந்துவிடுவார்கள். எங்களிடம் இருந்தது மொத்தம் ஏழு பாட்டு. பதற்றத்தில் டிரம்ஸ்காரன் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி அடிக்க, பதினேழு நிமிடத்தில் ஏழும் தீர்ந்துவிட்டன. வழக்கமான நிகழ்ச்சிகளில் நாங்கள் இறங்கினால் அடுத்த பேண்டு ஏறிவிடும். அந்தப் பழக்கத்தில், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பாட்டு வேண்டும் என்று யாரும் யோசிக்கவே இல்லை. இத்தனைக்கும் நான் கணக்கு டீச்சர்.

தேருக்குப் பூ அலங்காரம் இன்னும் முடியவில்லை, நிறுத்த வேண்டாம் என்று ஃபாதர் ஓரத்தில் நின்று கையால் ஜாடை காட்டினார். வேறு எதுவும் ஒத்திகை பார்த்துண்டு வரலையே என்று பேஸ்காரன் கையைப் பிசைந்தான். டிரம்ஸ்காரன் நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மொதல்லேர்ந்து அடிப்போம். இங்க எவனுக்குத் தெரியப் போவுது" என்றான்.

தெரிந்துவிட்டது. முதல் பாட்டின் முதல் வரியிலேயே பச்சைப் புடவை கட்டிய ஓர் அக்கா எழுந்து, இத்தத்தானே இப்போ பாடினே என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆமாக்கா, இன்னொரு தடவை கேட்டா காது ஒண்ணும் தேஞ்சிடாது என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே, அப்படியானால் அந்த வீட்டுப் பாட்டை முதலில் பாடு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டுப் பாட்டு, மயிலாப்பூரிலும் தி. நகரிலும் நான் வாடகைக்கு வீடு தேடி அலைந்த கதை. மீன் சமைப்பீங்களா என்ற ஒரே கேள்வியில் மூடிக்கொண்ட கதவுகளைப் பற்றியது. பேஸ்காரன் வீட்டார் வாடகைக்கு விடும் மாடிக்கும் அதே நிபந்தனைதான்; அந்தப் பாட்டை மட்டும் அவன் தலையைக் குனிந்துகொண்டு வாசிப்பான். ‘வீடு காலியா?’ என்று நான் கேட்க, ‘உனக்கு இல்ல!’ என்று மற்ற இருவரும் கத்த வேண்டும். இரண்டாம் சுற்றில் பச்சைப் புடவை அக்காவும் சேர்ந்து கத்தினார். மூன்றாம் சுற்றில் முன்வரிசையே கத்தியது, மற்ற இருவரும் வாயைத் திறக்கத் தேவையே இருக்கவில்லை. கூடையைத் தூக்கித் தெருத்தெருவாகக் கூவிப் பழகிய தொண்டைகளுக்கு முன்னால் எங்கள் ஸ்பீக்கர் எம்மாத்திரம்? ஒரு பாட்டைக் கூட்டமும் சேர்ந்து பாட வேண்டுமென்றால் அதை இரண்டு மூன்று தடவை கேட்டிருக்க வேண்டும் என்பது இத்தனை நாள் எங்களுக்கு உறைக்கவே இல்லை.

வீட்டுக்கு வரும்போது மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனால் அவர்கள் தேர் பார்க்க வந்தவர்கள், தேர் கிளம்பியதும் பின்னாலேயே போய்விட்டார்கள். இது கணக்கில் சேராது, அடையாறில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன்.

அடையாறு நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஒரு கட்டிடத்தின் முதல் மாடியில். வாட்ஸ்அப் குழு ஆட்கள் தவறாமல் வந்து, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த முகங்கள். சரி, இதோடு முடிந்தது என்று சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. நாலு பேர். தலை நிறையப் பூ. முன்னால் வந்தவர் திருவிழாவில் பார்த்த அந்த அக்கா.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, சந்தேகம். டிரம்ஸ்காரனைத் தனியாக இழுத்து, இது உன் வேலையா என்று கேட்டேன். அவர்கள் வேறு குப்பம், பெயர்கூடத் தெரியாது என்று அம்மா மேல் சத்தியம் செய்தான். அப்போதும் என் மனசு ஆறவில்லை. நேராக அந்த அக்காவிடம் போய், "உங்கள யாரு கூப்ட்டாங்க?" என்று கேட்டேன்.

வகுப்புக்குத் தாமதமாக வந்த மாணவனைக் கேட்கிற தொனி. கேட்டவுடனே எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, ஃபாதரிடம் இடம் கேட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர் அவர் என்பது பிறகுதான் தெரிந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கூப்ட்டாத்தான் வரணுமா இன்னா?"

இல்லைக்கா என்றேன். திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர்களுக்கு முன்வரிசையில் நாலு நாற்காலி போடச் சொன்னேன்.