முதலாளி வைத்த ஜீரோ

எனக்கு வாய் அதிகம் என்பது கப்பலூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். தரம் பார்க்கிற வேலையில் இருப்பவளுக்கு வாய் இல்லாவிட்டால் அந்த வேலை எதற்கு? சரியாக இருப்பதைச் சரி என்று சொல்லச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டியதில்லை.

நாங்கள் செய்வது இருசக்கர வண்டியின் பிரேக் மிதியில் போகிற சின்ன இரும்புப் பின். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அதன் கனத்தை மைக்ரோமீட்டரில் பார்ப்போம். இரண்டு தாடைகளுக்கு நடுவே பின்னை வைத்துத் திருகினால், முடியில் பாதி அளவு கூடக்குறைய இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். அந்த மைக்ரோமீட்டரே ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க மதுரையிலிருந்து லேப்காரர் ஒருவர் பெட்டியோடு வருவார். அளவு உறுதியாகத் தெரிந்த எஃகுக் கட்டைகள் அவரிடம் உண்டு. அந்த அளவை எங்கள் கருவி அப்படியே சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் கருவி ஃபெயில்.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்து சில வாரம் கழித்து அவர் வந்தபோது, பின் அளக்கிற மைக்ரோமீட்டர் ஃபெயிலானது. எந்தக் கட்டையை வைத்தாலும் அளவுக் கோட்டில் இரண்டு கோடு குறைத்துக் காட்டியது.

"கீழ எதுவும் விழுந்துச்சா மேடம்?" என்று கேட்டார்.

விழுந்திருந்தால் ஒரு இடத்தில் ஒரு மாதிரி காட்டும். இது எல்லா இடத்திலும் ஒரே பிசகு. தாடைகளை வெறுமனே மூடினால் காட்ட வேண்டிய ஜீரோவையே யாரோ நகர்த்தி வைத்திருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தாடையின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டி முகர்ந்து பார்த்தேன், சந்தனம்.

நேரே மிஷின் ஓட்டும் அண்ணனிடம் போனேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, காலையில ஜீரோ பாக்குறதே இல்லையா?"

"பாக்காம என்ன. தெனம் ரெண்டு கோடு கீழதான் நிக்கிது."

"அப்புறம் ஏன் சரி பண்ணல?"

"முதலாளி வச்ச ஜீரோ தாயி அது. நம்ம கைய வைக்கலாமா?"

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜை அன்று ஒவ்வொரு மிஷினுக்கும் ஒவ்வொரு கருவிக்கும் முதலாளியே சந்தனம் குங்குமம் வைப்பார். மறுபடி வேலை தொடங்கும் நாளில் முதல் அளவையும் அவர்தான் எடுப்பார். அவரும் ஒரு காலத்தில் லேத்தில் நின்றவர், கருவியைப் பிடிக்கத் தெரிந்தவர். அன்றைக்குத் தாடைகளைத் துடைக்காமல் மூடியிருக்கிறார். நடுவில் சந்தனம் இருந்ததால் இரண்டு கோடு மேலே காட்டியிருக்கிறது. சாவியைப் போட்டுத் திருப்பி அதையே ஜீரோ ஆக்கிவிட்டார். பின்கள் உரசி உரசிச் சந்தனம் தேய்ந்துபோனது. தவறு மட்டும் தங்கிவிட்டது. அதற்குக் கும்பிடு வேறு.

ஃபெயிலான கருவியில் சிவப்புச் சீட்டுக் கட்டிப் பூட்டி வைப்பது சுலபம். அதை எல்லோரும் செய்வார்கள். அது கடைசியாகச் சரியாக இருந்த நாளிலிருந்து அளந்த அத்தனையையும் சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் யாருக்கும் பிடிக்காது. பூஜைக்குப் பிறகு செய்த முதல் லோடு அன்று சாயங்கால லாரிக்காக வாசலருகே அடுக்கியிருந்தது. எல்லாப் பெட்டியிலும் சிவப்புச் சீட்டு ஒட்டினேன்.

முதலாளி வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"கருவிதான ஃபெயிலு? தூக்கி உள்ள வையி. பெட்டி என்ன பண்ணுச்சு?"

"பெட்டிக்குள்ள இருக்கிறது அம்புட்டும் அது அளந்தது சார்."

"ரெண்டே கோடும்மா. ஓட்டையில போகலைன்னா அங்க லேசாத் தட்டி ஏத்திக்கிருவாங்க."

"தட்டி ஏத்துனா இறுகிப் போகும் சார். மிதிச்ச பிரேக்கு மேல வராது. அந்த வண்டியில யாரு போவா? நீங்களும் நானும் புள்ளைகளும்தான்."

"சாமிக்கு வச்ச சந்தனத்தையே குத்தம் சொல்றியா நீ?"

"சாமியச் சொல்லல சார். தொடைக்காம நீங்க ஜீரோ வச்சதச் சொல்றேன்."

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. "என் கையால வச்ச அளவு. இத்தன வருசத்துல ஒருத்தன் தப்புன்னு சொன்னதில்ல" என்றார்.

இதே பேச்சை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். மதுரைக்கு மேற்கே அடுத்தவர் வயலில் என் அம்மா கதிர் அறுத்த காலம். கூலி நெல்லை நிலத்துக்காரர் தன் வீட்டுப் படியால் அளந்து போடுவார். படியின் அடிப்பாகம் உள்ளே குத்தி மேடாகியிருக்கும். அது அம்மாவுக்குத் தெரியும், சாக்கின் வாயைப் பிடித்து நின்ற எனக்கும் தெரியும். கேட்டால் நாளைக்கு வேலை இருக்காது. ஒருத்தரும் குறை சொன்னதில்லை என்று அந்த ஆளும் பெருமையாகச் சொல்வார். யார் சொல்வது? அளவு தப்பு என்று வாய்விட்டுச் சொல்கிற ஒரு வேலைக்குத்தான் நான் படித்து வந்தேன்.

"சீட்டக் கிழி. இல்லைன்னா நாளையிலருந்து வர வேணாம்" என்றார் முதலாளி.

பயம் இல்லை என்றால் பொய். வில்லாபுரத்தில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள்.

"நாளைக்கு வரல சார். ஆனா இன்னைக்கு இந்தப் பெட்டி போகாது."

சொல்லிவிட்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தூக்கி இறக்க அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை.

முதலாளி விடுவிடுவென்று போய், வண்டிக் கம்பெனி மாதிரிக்குக் கொடுத்திருந்த பிரேக் மிதியை எடுத்து வந்தார். ஒரு பெட்டியைப் பிரித்துப் பின் எடுத்து ஓட்டையில் வைத்தார். போகவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார். நுனி மட்டும் இறங்கிச் சிக்கிக்கொண்டது. வேறு பின் எடுத்தார், அதுவும் அப்படியே.

"சுத்தியக் குடுப்பா" என்று மிஷின் அண்ணனைப் பார்த்துக் கையை நீட்டினார்.

சுத்தியல் அண்ணனின் மேஜையில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி கிடந்தது. அண்ணன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சுத்தி இல்ல முதலாளி" என்றார்.

முதலாளி நீட்டிய கையை இறக்கினார். பிறகு மிதியை என் பக்கத்துப் பெட்டிமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலம் லாரி வெறும் லாரியாகத் திரும்பியது.

வரமாட்டேன் என்று சொன்ன நான் மறுநாள் காலையில் போனேன். நிறுத்துவதென்றால் வாசலில் வைத்து நிறுத்தட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் போனேன். யாரும் நிறுத்தவில்லை. கனம் கூடின பின்னைத் தேய்த்துக் குறைக்க முடியும். அந்த வாரம் முழுக்க அதைத்தான் செய்தோம். முதலாளி பொங்கல் வரைக்கும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது, எனக்கும் வேலை ஓடியது.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு என் மேஜைக்கு வந்தார். நல்ல மைக்ரோமீட்டர்களையெல்லாம் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். துணி விரித்து வெளியே வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான், சிவப்புச் சீட்டுக் கட்டிய அந்தப் பழையது.

"மத்ததெல்லாம் எங்க?"

"உள்ள இருக்கு சார். பெட்டி மேல வைங்க, சாமிக்குத் தெரியும்."

"இது?"

"இதுக்கு எம்புட்டு வேணும்னாலும் வைங்க."

என்னை ஒரு முறை முறைத்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை. பெட்டியின் மூடிக்கு ஒரு பொட்டு வைத்தார். பிறகு குனிந்து, அந்தப் பழைய மைக்ரோமீட்டரின் இரண்டு தாடைகளிலும் சந்தனத்தை அப்பினார். சிவப்புச் சீட்டைக் கிழிக்கச் சொல்லவில்லை.